பின் டயர் மாற்றினால் குனிந்து பார்க்க வேண்டிய ஓர் இடம்

மோட்டார் ஓட்டுகிறவர்கள் டயரைப் பற்றிப் பேசினால் பேச்சு பெரும்பாலும் பிராண்டிலும் விலையிலும் நின்றுவிடும். மழையில் எது வழுக்காது, எது சீக்கிரம் தேயாது, எந்தக் கடையில் 5 வெள்ளி குறைச்சல், இவ்வளவுதான். கழற்றிய சக்கரத்தைத் திரும்ப எப்படி மாட்டினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. பினாங்குப் பாலத்தில் விழுந்து எழுந்த பிறகுதான் நான் கேட்க ஆரம்பித்தேன். பின் சக்கரத்தில் இருக்கும் ஒரு போல்ட்டைப் பற்றி யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்த இரவே எனக்கு வந்திருக்காது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வீடு பெருநிலத்தில் பிறையில், வேலை பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில். 2019 ஜனவரியிலிருந்து பாலத்தில் மோட்டாருக்கு டோல் கிடையாது. அதற்குப் பிறகு பஸ்ஸைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. வண்டி அப்பா ஓட்டிய பழைய ஹோண்டா கப்சாய் என்ற சின்ன மோட்டார். கம்பி ரிம், டியூப் டயர், பின்னால் டிரம் பிரேக். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வருவதெல்லாம் இந்த மாதிரி மோட்டாருக்குத்தான். ஸ்போர்ட் ரிம்மும் பின் டிஸ்க் பிரேக்கும் உள்ள மோட்டார் என்றால் வேலை கொஞ்சம் வேறு மாதிரி. ஹோண்டாவை மலேசியாவுக்குக் கொண்டுவந்த லோ பூன் சியூ பினாங்குக்காரர், சின்ன வயதில் மெக்கானிக் வேலை பழகியவர். அவர் ஊரில் கப்சாய்க்கு உதிரிப்பாகம் கிடைக்காத மூலை கிடையாது. அந்த வசதியே நம்மைச் சோம்பேறியாகவும் ஆக்கி வைத்திருக்கிறது. எது கெட்டாலும் கடையில் தள்ளிவிட்டால் அரை மணியில் திரும்ப வந்துவிடும் என்ற நினைப்பு.

அன்றைக்கு எனக்கு இரண்டாம் ஷிஃப்ட், மாலை 3 மணிக்குத் தொடங்கி இரவு 11 வரை. ஃபேக்டரிக்குக் கொஞ்சம் முன்னால் பின் டயரில் காற்று இறங்கிவிட்டது. டியூப் டயர் அப்படித்தான், ஆணி ஏறினால் எச்சரிக்கையே இல்லாமல் சட்டென்று இறங்கிவிடும். தள்ளிக்கொண்டே பக்கத்துக் கடைக்குப் போனேன். டயரும் நன்றாகத் தேய்ந்திருந்தது, பள்ளங்களுக்குள் இருக்கும் அடையாள மேடு மேல்மட்டத்துக்கே வந்துவிட்டது. சரி, டயர், டியூப் இரண்டையும் மாற்றிவிடுங்கள் என்றேன். கூலியோடு 75 வெள்ளி. வேலை செய்த பையன் கெட்டிக்காரன்தான், கை வேகம் பிரமாதம். ஆனால் சக்கரத்தைத் திரும்ப மாட்டிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் வந்து காற்றடிக்கச் சொன்னார், முதலாளி உள்ளிருந்து கூப்பிட்டார், பையன் எழுந்து போனான், வந்தான், செயினைப் பார்த்தான், "ஓகே காக்" (சரி அக்கா) என்றான். பஞ்ச் கார்டு அடிக்க எனக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ரசீது கேட்கவில்லை, அவர்களும் தரவில்லை.

இரவு திரும்பும்போது பாலத்தில் வழக்கம்போல் பக்கவாட்டுக் காற்று. பாலம் மொத்தம் 13.5 கிலோமீட்டர், அதில் நடுவில் உயரமாக ஏறி இறங்கும் இடம் இருக்கிறதே, அதைத் தாண்டிப் பிறைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு லோரியின் பிரேக் விளக்கு எரிந்தது. நானும் பின் பிரேக்கை அழுத்தினேன். "கடக்" என்று ஒரு சத்தம். கால் வைத்திருந்த பெடல் தானாகவே மேலே எழும்பியது. அடுத்த நொடி பின் சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டது. பிரேக் பிடித்தால் வண்டி மெதுவாகும், இது அப்படியே உறைந்துபோய் இழுத்துக்கொண்டு போனது. காலை எடுத்தேன், சக்கரம் விடவில்லை. வால் ஒரு பக்கம் போக, நான் இன்னொரு பக்கம் போனேன்.

நல்ல வேளை, பின்னால் வந்த கார் தள்ளி வந்தது. ஓரமாகத்தான் விழுந்தேன். எழுந்து நிற்க முடிந்தது, ஆனால் இடது கை மணிக்கட்டு தூக்க வரவில்லை. அழுகை வந்ததா என்று கேட்டால் அப்போது வரவில்லை. கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். வண்டியை நகர்த்தப் பார்த்தேன், பின் சக்கரம் பூட்டிக்கொண்டதால் ஓர் அங்குலம்கூட அசையவில்லை. சாப்பாடு டெலிவரி செய்யும் ஒரு மலாய்த் தம்பி தன் மோட்டாரை எனக்குப் பின்னால் தள்ளி நிறுத்தி, விளக்கைப் போட்டு, என்னோடு சேர்ந்து பின் சக்கரத்தைத் தூக்கி ஓரத்துக்கு இழுத்துவிட்டார். பிறகு பாலத்து ரோந்து வண்டி வந்தது. இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பாலத்திலோ நெடுஞ்சாலையிலோ வண்டி நின்றுவிட்டால் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பழுது பார்க்காதீர்கள். சாவியைத் திருப்பி எஞ்சினை அணையுங்கள், தடுப்புச் சுவரை ஒட்டி, வண்டிக்குச் சில அடி தள்ளி, வாகனம் வரும் திசையைப் பார்த்து நில்லுங்கள். நெடுஞ்சாலை உதவி எண் போனில் முன்பே பதிந்திருக்கட்டும். ஒரு கையால், நடுங்கிக்கொண்டே, காற்றில் எண் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

மணிக்கட்டில் விரிசல். கட்டுப் போட்டார்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பெரிதாகச் செலவில்லை, மற்றதெல்லாம் செலவு. மோட்டாரை லோரியில் ஏற்றிக் கொண்டுவர 100 வெள்ளி. ஹெல்மெட் தரையில் இடித்திருந்தது. வெளியே கீறல் மட்டும்தான் தெரிந்தது, ஆனாலும் உள்ளே இருக்கும் நுரை ஒரு முறை நசுங்கினால் அடுத்த முறை காப்பாற்றாது. சிரிம் தர முத்திரை உள்ளதாகப் பார்த்துப் புதிது வாங்கினேன், 130 வெள்ளி. பிரேக் தட்டு, பெடலையும் பிரேக்கையும் இணைக்கும் ராடு, அந்த ராடு இழுக்கும் பிரேக் ஆர்ம், கைப்பிடி லீவர் எல்லாம் சேர்த்து இன்னொரு நூற்றுச் சொச்சம். அது போக, ஓவர்டைம் இல்லாத சம்பளம். அந்த மாதம் 600 வெள்ளிக்கு மேல் கையைவிட்டுப் போயிருக்கும்.

பணத்தில் எனக்குக் கொஞ்சம் திரும்பி வந்தது, அது பெர்கேசோவால், சொக்சோ என்றும் சொல்லும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பால். சொக்சோ என்றால் ஃபேக்டரிக்குள் மெஷினில் கை மாட்டினால்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. வீட்டுக்கும் வேலை இடத்துக்கும் நடுவே வழக்கமான வழியில் போகும்போது வரும் விபத்தும் அதில் சேரும். எம்.சி. (மருத்துவ விடுப்பு) நான்கு நாளாவது இருக்க வேண்டும், இருந்தால் அந்த நாட்களுக்கு அன்றாடச் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு கிடைக்கும். முதலாளி விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதால், எச்.ஆருக்கு உடனே செய்தி அனுப்புங்கள், எம்.சி. முடிந்து போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். போலீஸ் புகார் கட்டாயம். யாரும் மோதவில்லை, நானேதான் விழுந்தேன், புகார் எதற்கு என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். மோதினாலும் விழுந்தாலும் புகார்தான் முதல் தாள். அது இல்லாமல் எதுவும் நகராது. பஞ்ச் கார்டு பதிவு, வீட்டிலிருந்து ஃபேக்டரிக்குப் போகும் வழியின் வரைபடம் இவற்றையும் கேட்டார்கள். நேராக வீட்டுக்கு வந்துகொண்டிருந்ததால் எனக்குச் சிக்கல் இல்லை. நடுவில் வேறு சொந்த வேலைக்காகப் பாதை மாறியிருந்தால் கேள்வி வந்திருக்கும்.

சரி, சக்கரம் ஏன் பூட்டிக்கொண்டது? எம்.சி.யில் வீட்டில் இருந்தபோது படிக்கட்டுக்கு அடியில் நிறுத்தியிருந்த மோட்டார் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். பின் டிரம்மை மூடியிருக்கும் வட்டமான அலுமினியத் தட்டு இருக்கிறதல்லவா, பிரேக் ஷூ எல்லாம் அதன் உள்பக்கம்தான் இருக்கும். அந்தத் தட்டிலிருந்து ஓர் இரும்புப் பட்டை முன்னோக்கிப் போய், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒரு போல்ட்டில் மாட்டியிருக்கும். போல்ட்டின் முனையில் நட்டு, நட்டு கழலாமல் இருக்கக் காலை விரித்து மடக்கிய காட்டர் பின். என் மோட்டாரில் பட்டை தொங்கிக்கொண்டிருந்தது. போல்ட் இல்லை, நட்டு இல்லை, பின் இல்லை. ஸ்விங் ஆர்மின் ஓட்டையில் பழைய கிரீஸ் அப்படியே உட்கார்ந்திருந்தது. ராடு கொக்கி மாதிரி வளைந்து தட்டோடு சுற்றிக் கிடந்தது.

அந்தப் பட்டையின் வேலை ஒன்றே ஒன்றுதான், தட்டைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்வது. பிரேக் அழுத்தும்போது ஷூ டிரம்மைப் பிடிக்கிறது. டிரம் சக்கரத்தோடு சுற்றுவதால் ஷூவையும் தட்டையும் தன்னோடு இழுக்கும். பட்டை இருந்தால் தட்டு நிற்கும், சக்கரம் மெதுவாகும். பட்டை இல்லை என்றால் தட்டு சக்கரத்தோடு திரும்பும். சக்கரத்தின் அடிப்பக்கம் பின்னோக்கித்தான் ஓடும், பிரேக் ஆர்ம் தொங்குவதும் அடிப்பக்கம்தான். அது பின்னால் போகப் போக முன்னால் பெடலில் மாட்டியிருக்கும் ராடு இன்னும் இறுகும், இறுகினால் ஷூ இன்னும் பலமாகப் பிடிக்கும், தட்டு இன்னும் திரும்பும். நாம் காலை எடுத்தாலும் அது விடாது. பெடல் தானாக மேலே எழும்பியது இதனால்தான். மதியம் கடையிலிருந்து ஃபேக்டரி வரை எப்படி ஒன்றும் ஆகாமல் வந்தேன் என்பதும் அப்போது புரிந்தது. சக்கரத்தின் நடுவே போகும் ஆக்சிலின் நட்டு தட்டை ஓரளவு அழுத்திப் பிடித்திருந்தது. மெதுவாகப் பிரேக் பிடிக்கும்போது அந்த அழுத்தமே போதும். பலமாகப் பிடிக்கும் முதல் தடவைதான் உண்மை வெளியே வரும். அதாவது, நமக்குப் பிரேக் மிகவும் தேவைப்படும் அந்தத் தடவை.

கடைக்குப் போனேன். முதலாளி முகம் கொடுத்துப் பேசினார், ஆனால் பொறுப்பு எடுக்கவில்லை. பழைய மோட்டார், பழைய போல்ட், ஓடும்போது கழன்றிருக்கும் என்றார். இங்கேதான் டயர் மாற்றினேன் என்பதற்கு என்னிடம் துண்டுச் சீட்டுகூட இல்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டிப் புகார் பதியலாம், வக்கீல் வேண்டியதில்லை. ஆனால் உடம்பில் பட்ட காயத்துக்கு அங்கே இழப்பீடு கேட்க முடியாது. பொருளுக்கும் வேலைக்கும் போன பணத்தைத்தான் கேட்கலாம். அதற்கும் வேலை நடந்ததற்கு அத்தாட்சி வேண்டும். விட்டுவிட்டேன். இப்போதெல்லாம் பத்து வெள்ளி வேலையானாலும் பதிவு எண், தேதி, செய்த வேலை மூன்றும் எழுதிய ரசீது வாங்குகிறேன். கடையில் ரசீதுப் புத்தகம் இல்லை என்றால் போனில் பணம் அனுப்பி, குறிப்பில் பதிவு எண்ணையும் "பின் டயர், டியூப்" என்பதையும் போட்டுவிடுவேன். அதுவும் ஒரு பதிவுதான்.

பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலை நடுவில் இரண்டு முறை எழுப்பினால் யாருக்கும் மறக்கும். எங்கள் ஃபேக்டரியில் குண்டூசித் தலை அளவு ஸ்க்ரூவுக்கே டார்க் (எவ்வளவு பலமாக இறுக்குவது என்ற) அளவு பார்க்கிறோம், இறுக்கிய பிறகு மார்க்கரால் கோடு போடுகிறோம், அதை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்து போடுகிறார். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் சக்கரத்துக்கு இது எதுவும் இல்லை. இதை நினைத்து நினைத்துத்தான் இனிமேல் பின் சக்கரத்தை நானே மாட்டுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் பிளாக்கில் முன்பு லோரிப் பட்டறையில் ஃபிட்டராக இருந்த ஓர் அங்கிள் இருக்கிறார். கை சரியானதும் அவரிடம் போய் நின்றேன். "கத்துக்கிறது நல்லதுதாம்மா, ஆனா நான் தொட மாட்டேன், நீதான் செய்யணும்" என்று நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாமான்கள் அதிகமில்லை. நல்ல ஸ்பேனர் இரண்டு மூன்று, குறடு, முனை உருண்டையான குட்டை டயர் லீவர் மூன்று, கால் பம்பு, காற்று அளக்கும் கேஜ், பாத்திரம் கழுவும் சோப்பு, கொஞ்சம் முகப்பவுடர். லீவருக்குப் பதிலாக ஸ்க்ரூ டிரைவரை எடுக்க வேண்டாம், முனை டியூபைக் குத்தும். நீள லீவரும் வேண்டாம், நம் பலத்தைவிட அதிக பலம் போய் டயர் விளிம்பையே கிழித்துவிடும். மொத்தம் 120 வெள்ளி ஆனது. டார்க் ரென்ச் மட்டும் சக ஊழியரிடம் இரவல்.

கழற்றும் வேலையில் அங்கிள் சொன்னது ஒன்றுதான். தரையில் பழைய பேப்பரை விரித்து, கழற்றுகிற ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைப்பது. ராடு முனையின் நட்டு, ஸ்பிரிங், சின்ன உருளை, பட்டையின் காட்டர் பின், நட்டு, வாஷர், போல்ட், ஆக்சில் நட்டு, ஆக்சில், பக்கத்தில் வரும் புஷ். திரும்பப் போடும்போது வலமிருந்து இடம். வேலை முடிந்து பேப்பரில் ஏதாவது மிஞ்சியிருந்தால் வேலை முடியவில்லை. நான் கூடவே போனில் படமும் எடுத்துக்கொள்கிறேன், முக்கியமாக அந்தப் புஷ் எந்தப் பக்கம் இருந்தது என்று. சில மாடல்களில் ஸ்ப்ராக்கெட்டும் செயினும் ஸ்விங் ஆர்மிலேயே நிற்கும், சக்கரம் மட்டும் வரும். சிலவற்றில் செயினை இறக்க வேண்டியிருக்கும். மோட்டார் டபுள் ஸ்டாண்டில் ஆடாமல் நிற்க வேண்டும், முன் சக்கரத்துக்கு ஒரு செங்கல் முட்டுக் கொடுங்கள். பிரேக் தட்டைத் திறந்தால் உள்ளே இருக்கும் கருப்புத் தூளை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

டயரைக் கழற்றுவது பலத்தால் ஆகிற வேலை என்றுதான் நினைத்திருந்தேன். ரிம்மின் உள்பக்கம் நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது, எல்லாச் சூட்சுமமும் அங்கேதான். டயர் விளிம்புக்குள் எஃகுக் கம்பி இருக்கிறது, அது நீளாது. ஒரு பக்கம் லீவர் போட்டு நெம்பும்போது அதற்கு நேர் எதிர்ப்பக்கத்து விளிம்பை முழங்காலால் அழுத்தி அந்தப் பள்ளத்துக்குள் தள்ளினால் இந்தப் பக்கம் இடம் கிடைக்கும். இறுக்கமான வளையலைப் போடக் கையை ஒடுக்குகிறோமே, அது மாதிரி. முக்கி முனகி லீவரில் தொங்குகிறீர்கள் என்றால் எதிர்ப்பக்கம் பள்ளத்தில் இல்லை என்று அர்த்தம். அங்கே போய் மிதித்துவிட்டு வாருங்கள்.

பழைய டியூபை எடுத்ததும் புதியதைப் போட அவசரப்பட வேண்டாம். டயரின் உள்பக்கம் முழுக்கத் துணியால் சுற்றித் துடையுங்கள், ஆணியோ மெல்லிய கம்பியோ இருந்தால் துணியில் மாட்டும். விரலை விட்டுத் தடவினால் விரல் கிழியும். ரிம்முக்குள் கம்பி முனைகளை மூடும் ரப்பர் பட்டை விலகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். புது டயர் வாங்கும்போது அதன் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 1423 என்றிருந்தால் 2023ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்தது. கடையில் வெயிலில் அடுக்கி வைத்த பழைய டயர் பார்க்கப் புதிதாகவே இருக்கும், இந்த நான்கு இலக்கம்தான் காட்டிக்கொடுக்கும். ஓடும் திசைக்கு ஓர் அம்புக்குறியும் இருக்கும், அதைத் தலைகீழாகப் போட்டுவிட்டு மறுபடி எல்லாவற்றையும் கழற்றுவதைப் போலக் கொடுமை வேறு இல்லை.

டியூபில் லேசாக, அதன் உருவம் தெரிகிற அளவுக்கு மட்டும் காற்றடித்து, பவுடர் தூவி உள்ளே வையுங்கள். காற்றே இல்லாத டியூப் மடங்கி லீவருக்கு அடியில் மாட்டும். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் ஆரம்பித்து வால்வு பக்கம் வந்து முடிக்க வேண்டும். கடைசி ஒரு சாண் தான் கஷ்டம், டியூப் கிழிவதும் அந்த இடத்தில்தான். லீவரை நிமிர்த்தி நெம்பாமல், சின்னச் சின்னதாக ஏற்றுங்கள். ஏறியதும் வால்வை உள்ளே ஒரு தள்ளு தள்ளி, திரும்ப இழுங்கள். அடியில் டியூப் மாட்டியிருந்தால் அப்போது விலகிவிடும். காற்றடித்த பிறகு டயரின் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். ஓர் இடத்தில் மறைந்திருந்தால் விளிம்பு சரியாக உட்காரவில்லை, காற்றை இறக்கி மறுபடி சோப்புப் போட்டு அடியுங்கள். அளவு மோட்டாரிலேயே ஸ்டிக்கரில் இருக்கும். என்னுடையதில் முன்னால் 29, பின்னால் 33 பிஎஸ்ஐ, இரண்டு பேர் என்றால் பின்னால் 41. அம்மாவைத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போகும்போது இதை மாற்றுகிறேன். முன்பெல்லாம் பெட்ரோல் நிலையத்தில் கைக்கு வந்தபடி அடித்துக்கொண்டிருந்தோம்.

இப்போது சக்கரத்தை மாட்டும் கட்டம். இங்கே ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன், ஆக்சிலைத் தள்ளியதிலிருந்து கடைசிப் பின் மடக்கும் வரை போனை எடுப்பதில்லை, வீட்டில் கூப்பிட்டாலும் எழுந்து போவதில்லை. முதலில் பட்டையைத் தட்டோடும் ஸ்விங் ஆர்மோடும் மாட்டி போல்ட் போட்டுவிடுகிறேன். பிறகு ராடு. பிறகு செயின். செயினின் அடிப்பக்கம் நடுவில் விரலால் தூக்கினால் இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் ஆட வேண்டும். இறுக்கமாக வைத்தால் ஆள் ஏறி உட்கார்ந்ததும் இன்னும் இறுகி பேரிங்கைத் தின்னும். இரண்டு பக்கமும் அட்ஜஸ்டர் கோடுகள் ஒரே எண்ணில் நிற்கின்றனவா என்று பார்த்துத்தான் ஆக்சில் நட்டைக் கையேட்டில் உள்ள டார்க்குக்கு இறுக்குகிறேன். பட்டையின் நட்டை இறுக்கி, புதுக் காட்டர் பின் போட்டுக் காலை விரித்து மடக்குகிறேன். பழைய பின்னை நிமிர்த்திப் போட வேண்டாம், உடையும். ஒரு கைப்பிடி பின்னே இரண்டு வெள்ளிதான். கடைசியில் ஃபேக்டரிப் பழக்கம்: நட்டின் மேலிருந்து போல்ட் முனை வழியாக வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு. ஆக்சிலில் ஒன்று, பட்டையின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று. நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து தெரியும். ஷிஃப்ட் முடிந்து பார்க்கிங்கில் டார்ச் அடித்து ஒரு பார்வை, அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு ஒரு சோதனை, இது கடையில் மாற்றினாலும் செய்ய வேண்டியது. டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுற்றி, பெடலை நன்றாக அழுத்துங்கள். கண் சக்கரத்தின்மேல் இருக்கக் கூடாது, அந்த அலுமினியத் தட்டின்மேல் இருக்க வேண்டும். அது ஒரு நூல்கூடத் திரும்பக் கூடாது. பிறகு இறக்கி, தள்ளிக்கொண்டு போய் ஒரு முறை பலமாக அழுத்திப் பாருங்கள். அதன் பிறகுதான் ஏறி, வீட்டுச் சந்தில் மெதுவாக ஓட்டி, மூன்றாவது முறை. கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

எல்லாவற்றையும் வீட்டில் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. ரிம் கோணலை நிமிர்த்துவது, சக்கர பேரிங் மாற்றுவது எல்லாம் பட்டறை வேலைதான். லீவரோடு மல்லுக்கட்ட விருப்பம் இல்லாதவர்களுக்கும் நடுவழி ஒன்று உண்டு. என் லைனில் வேலை செய்யும் இரண்டு பேர் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். சக்கரத்தை வீட்டில் கழற்றி, சக்கரத்தை மட்டும் கடைக்குக் கொண்டுபோய் டயரை மாற்றி வாங்கிவந்து, தாங்களே மாட்டிக்கொள்கிறார்கள். கூலி ஐந்தோ எட்டோ வெள்ளி. ஆபத்தான பாதி நம் கையிலேயே இருக்கும். சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு கிராப்பில் வந்திறங்கும் பெண்ணைப் பார்த்துக் கடையில் முதலில் முழிப்பார்கள், மோட்டார் எங்கே என்று கேட்பார்கள். வீட்டில் என்று சொல்லிவிட்டு, வால்வின் அடி நட்டை ரிம்மோடு ஒட்ட இறுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். டயர் ரிம்மில் வழுகினால் வால்வு சாய்ந்து காட்டும், இறுக்கிவிட்டால் சாயாமல் அடியோடு கிழியும்.